ஊமைச்சரிவின் மேல் வெயில்

ஐஸ்லாந்து முழுவதிலும் வெளிச்சத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் எவனும் கிடையாது. இதைப் பணிவோடுதான் சொல்கிறேன். கடவுளைச் சூரியனோடு முடிச்சுப் போட்டுப் பெயர் கட்டச் சொன்னால், ஆயரின் பள்ளியில் மற்றவர்கள் எழுதும் இறகைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் கஞ்சி ஆறுவதற்குள் பதினைந்து கட்டிவிடுவேன். விண்கூடாரத்தின் அரசன். பகலுக்குக் கூரை வேய்ந்தவன். நிலா நடக்கும் தெருவின் சொந்தக்காரன். இதில் பக்தி ஒன்றும் இல்லை, தச்சு வேலைதான். வரியில் ஓர் இடம் பொள்ளலாக இருக்கிறதா, சூரியனை எடுத்துச் செருகு. ஓசை நிற்கும், பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட ஓர் அறிவாளியை ஆயர் சூரியனே வராத பள்ளத்தாக்குக்கு அனுப்பியதற்கும் ஒரு கவிதைதான் காரணம். அதில் அவருடைய வயிற்றை முழுநிலவுக்கு ஒப்பிட்டிருந்தேன். உவமையில் பிழையில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒரு குளிர்காலம் தவம் இருந்துவிட்டு வா, தெய்த், பிறகு உன்னைத் துணைக்குருவாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றார்.

சிக்வாத்தின் பண்ணை, கடல் குடைந்துகொண்டு வந்த ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. தெற்கே மலை. குளிர் தொடங்கியதும் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் போய்விடும், நூறு நாள் திரும்பாது. பகல் என்று ஒன்று வரும். சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். எதற்கும் நிழல் விழாது. நிழல் இல்லாமல் நடமாடும் மனிதர்களைப் பார்த்துப் பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்.

அந்த நூறு நாளுக்கும் அவர்களிடம் ஒரு கவிதை இருந்தது. நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு பெயர். எல்லாம் கடவுளுக்கு, எல்லாம் வெளிச்சத்தால் செய்தவை. தினமும் நடுப்பகலில் வீட்டார் எல்லோரும் புல்கட்டிகளால் கட்டிய சின்னக் கோயிலின் வாசலில் கூடுவார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மலையில் இருந்த ஓர் இடைவெளியைப் பார்த்து நிற்பார்கள். ஒருவர் அன்றைய பெயரைச் சொல்வார். ஒரே ஒரு பெயர். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போவார்கள். நூறாவது பெயருக்கு மறுநாள் பெயர் கிடையாது. அன்று இடைவெளியில் சூரியனே வரும். அதுதான் மெழுகுவர்த்தித் திருநாள். மணி அடித்துக் கொண்டாடுவார்கள்.

பாதிரியார் வசந்தத்தில்தான் வருவார். மலையை வாரக்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எது என்று எல்லோருக்கும் தெரியும், எத்தனையாவது ஞாயிறு என்பதைப் பெயர்கள்தான் சொல்லும்.

கவிதையை முழுதாக மனத்தில் வைத்திருந்தவர் உல்ஃப் என்ற கிழவர் ஒருவர்தான். நான் அங்கே போய்ச் சேர்ந்த வாரம் அவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நூறையும் மெழுகுப் பலகையில் எழுதிக்கொண்டேன். கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒண்ணும் விடாதே. ஒண்ணும் கூட்டாதே."

மூன்றாம் நாள் இறந்துபோனார். நான் கவிதையைக் கன்றுத்தோலில் நல்லபடியாக எடுத்து எழுதினேன். எழுதும்போது இரண்டு கூட்டினேன்.

எப்படிக் கூட்டாமல் இருப்பது? ஐம்பத்தாறாவது பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓசை பல்லிழந்த வாய் மாதிரி இருந்தது. அங்கே 'விடியலின் கொல்லன்' என்று ஒன்று வைத்தேன். எழுபதுக்குப் பின்னால் 'இருட்டின் கண்ணில் விரல் விட்டவன்'. வருடத்துக்கு ஒரு முறை கேட்பதை யார் வரிசையாக நினைவில் வைத்திருப்பார்கள்? முதல் பெயரும் கடைசிப் பெயரும்தான் எல்லோருக்கும் தெரியும். கொல்லனைச் சொன்ன அன்று சிக்வாத் தொப்பியை மாட்டிக்கொண்டே, "இன்னிக்குப் பேரு நல்லா இருக்கே" என்றார். இதுவரை என் கவிதைக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

நாற்பத்தோராவது பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 'வெளிச்சத்தின் மாட்டுக்காரன்.' அதாவது, மேயப் போன சூரியனைக் கடவுள் மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாராம். சாணி நாற்றம் அடிக்கும் அந்த வரியை நல்ல குரலில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லி முடித்ததும் மலையைப் பார்த்து 'ம்மா' என்று கத்தினேன். சிக்வாத்தின் மகள் தோஃபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளுடைய அம்மா இங்வில்ட் சிரிக்கவில்லை.

"தம்பி, அதை ஒழுங்காச் சொல்லு."

"அடுத்த வருஷம் சொல்றேன், அம்மா."

"அடுத்த வருஷத்தை யார் கொண்டுவருவா? நீயா?"

 அன்று மாலை பண்ணை ஆள் கால்ஃப் உலர்ந்த மீனைக் கல்லில் தட்டிக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல ஆரம்பித்தான்.

"உல்ஃபோட அப்பா காலத்துல ஒருத்தன் சொன்ன பேரையே மறுநாளும் சொல்லிட்டானாம்."

"என்ன ஆனான்?"

"கடல்ல மீன் இருக்கில்ல, தம்பி. அதுக்கும் பசிக்கும்."

வெண்ணெயைத் தடவி மீனை என்னிடம் நீட்டினான். அன்று எனக்கு அது இறங்கவில்லை.

அங்கே ஊமைச்சரிவு என்று ஒன்று இருந்தது. பண்ணையிலிருந்து வெளிக்கடற்கரைக்குப் போகும் ஒரே வழி அதன் அடியில்தான் போகும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தலைக்கு மேல் பனி. உச்சியில் பனி கூரைத் தாழ்வாரம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு தொங்கும். சூரியன் இல்லாத நூறு நாளும் அது இரும்பு. நடக்கலாம், வண்டி இழுக்கலாம், சத்தம் மட்டும் போடக்கூடாது. திருநாளன்று வெயில் கோயில் கதவுக்கு வருமுன் முதலில் அந்த உச்சியைத் தொடும். தொட்ட பிறகு இரண்டு வாரத்துக்கு அதன் அடியில் யாரும் போகமாட்டார்கள். சிக்வாத்தின் தாத்தா காலத்தில் ஏழு பேர் போனார்கள். நான்கு பேர்தான் கோடையில் கிடைத்தார்கள்.

வெளிச்சத்துக்குப் பயப்படும் கிறிஸ்தவர்களை இங்கேதான் பார்க்கிறேன் என்று தோஃபாவிடம் சொன்னேன்.

"நீங்க இருட்டுக்குப் பயப்படறீங்களே, புலவரே. கொல்லைக்குப் போகக்கூட விளக்கு கேக்கறீங்க."

பள்ளியில் என்னை யாரும் இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை.

தை தொடங்கியதும் மேகம் மலையை மூடியது. பதினெட்டு நாள் விலகவில்லை. இடைவெளி எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் குத்துமதிப்பாக ஒரு திசையைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு காலையில் சிக்வாத் சறுக்குவண்டியைக் கட்டினார். திருநாள் விளக்குக்குப் புதுக் கொழுப்பு ஊற்றுவது வழக்கம். வெளிக்கரையில் ஆளில்லாத ஒரு படகுக் கொட்டகை உண்டு, அங்கே சீல் என்னும் கொழுத்த கடல்நாய்கள் கரையேறும்.

"தம்பி, சொல்ல வேண்டிய பேரு இன்னும் எத்தனை பாக்கி?"

தோலைப் பார்த்தேன். "நாலு, அண்ணே."

"சரியா எண்ணினியா?"

"நான்தானே எழுதினேன்."

அவர் விரலை மடக்கினார். "இன்னிக்கு ஒண்ணு, போறோம். நாளைக்கு ஒண்ணு, அங்க இருக்கோம். மூணாம் நாள் நடுப்பகலுக்கு வந்துடறோம். அப்புறமும் ஒரு பேர் மிச்சம். போதும்." பிறகு மகளைப் பார்த்தார். "கிளம்பு."

தோஃபா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "புலவரே, நாங்க வர்றதுக்குள்ள அந்த மாட்டுக்காரனை இன்னொரு தடவை கூப்பிட்டு வைங்க. பசு பாலைக் குறைச்சிடுச்சு."

"நான் கூப்பிட்டா பசுதான் வரும்."

"பசு வந்தாலும் போதும்."

இருவரும் மேகத்துக்குள் போனார்கள். முதலில் அவர்கள் போனார்கள், பிறகு வண்டியின் சத்தமும் போனது.

மறுநாள் பெயரைச் சொல்லிவிட்டு வந்து அடுப்போரம் உட்கார்ந்தேன். கடைசிப் பெயரைக் கொஞ்சம் கம்பீரமாகச் சொல்ல வேண்டும், அன்று எல்லோரும் இருப்பார்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று பார்க்கத் தோலை விரித்தேன். சும்மா இருந்த விரல் வரிகளை எண்ண ஆரம்பித்தது. நூற்றிரண்டு வந்தது. தவறாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். கொல்லன் கண்ணில் பட்டான். பிறகு இருட்டின் கண்ணில் விட்ட விரல்.

விரல் நுனியிலிருந்து குளிர் ஏறியது. அடுப்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

அன்றுதான் உண்மையில் நூறாவது நாள். சூரியன் நாளைக்கு வரும். அவர்கள் இருவரும் நாளை நடுப்பகலுக்கு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

எழுந்து இங்வில்டிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் அடுப்புக்கு அந்தப் பக்கம் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். கால்ஃப் கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அது விறகுக்குத்தான், எனக்குத் தெரியும். இருந்தும் அவன் தீட்டிய ஒவ்வொரு இழுப்புக்கும் என் வாய் இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது. வெளியே இருட்டிவிட்டது, இனி யாரும் போக முடியாது என்று எனக்கு நானே சொன்னேன். அது உண்மைதான். அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது.

பிறகு மேகம் நினைவுக்கு வந்தது. மேகம் இருக்கும்வரை வெயில் இல்லை. வெயில் இல்லாதவரை சரிவு இரும்பு. பதினெட்டு நாள் இருந்த மேகம் இன்னொரு நாள் இருக்காதா? போர்வைக்குள் முடங்கிக்கொண்டு வேண்டினேன். நாளைக்குச் சூரியன் வரக்கூடாது. கிறிஸ்து பிறந்ததிலிருந்து எந்தப் புலவனும் இப்படி ஒரு விண்ணப்பம் போட்டிருக்கமாட்டான். யாரிடம் போடுவது என்பதே சிக்கலாக இருந்தது. எனக்குத் தெரிந்த நூற்றிரண்டு பெயரில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. எல்லாம் வெளிச்சத்தின் பெயர்கள்.

காலையில் மேகம் இருந்தது. நன்றாக, கனமாக, கூரைமேல் படுத்திருந்தது. அவ்வளவு அன்போடு நான் எதையும் பார்த்ததில்லை. பசுவுக்கு வைக்கோல் போட்டேன், யாரும் சொல்லாமலே. கால்ஃப் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது.

கோயில் வாசலில் மூன்று பேர்தான் நின்றோம். இங்வில்ட், கால்ஃப், நான். தொப்பியைக் கழற்றினோம். அன்றைய பெயரைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மேகம் பழைய துணி கிழிகிற மாதிரி நீளவாக்கில் கிழிந்தது. ஊமைச்சரிவின் உச்சியில், தொங்கும் பனியின் விளிம்பில், பொன்னிறத்தில் ஒரு கோடு. ஊசி நூல் அளவுதான்.

"வந்துட்டார்!" கால்ஃப் தொப்பியை எறிந்துவிட்டு மணிக்கயிற்றை நோக்கி ஓடினான். இங்வில்ட் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"இன்னும் பேரு ரெண்டு பாக்கின்னியே."

"ஆமா."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

கோடு கயிறு அளவு தடித்திருந்தது.

"ரெண்டு என்னோடது, அம்மா."

"உன்னோடதா? என்ன உன்னோடது?"

"ரெண்டு பேரு. நான் சேர்த்தேன். நல்லா இருந்துச்சுன்னு..."

அவள் என்னை அடிக்கவில்லை. திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள். "கால்ஃப். கயித்தை விடு."

"என்னம்மா, சூரியன்..."

"விடுடா கயித்தை! மணிச் சத்தத்துக்கே அது இறங்கிடும். அவங்க அடியில இருப்பாங்க."

கால்ஃப் கயிற்றை ஒவ்வொரு விரலாக விட்டான். நாங்கள் பேசியது அவன் காதில் விழுந்திருந்தது. இரும்பு முனை போட்ட தன் கோலை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தான். கண்ணை மூடிக்கொண்டேன். கோலை என் கையில் திணித்தான்.

"போ. அவங்களோட வா. அவங்க இல்லாம வராதே."

"கத்தாதே," என்றாள் இங்வில்ட். "பாடாதே. தும்மாதே."

சரிவின் தொடக்கம்வரை ஓடினேன். அதற்குமேல் ஓட முடியாது. காலடிச் சத்தமே எனக்கு மத்தளம் மாதிரி கேட்டது. வலப்பக்கம் கடல் கறுப்பாகக் கிடந்தது. இடப்பக்கம் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு நான்கு அடிக்கும் நிமிர்ந்து பார்த்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், படி இறங்கும் பெரிய மனிதர் மாதிரி. அது பட்ட இடம் பட்டுப்போல மின்னியது. அழகாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும், அழகாகத்தான் இருந்தது. அந்த அழகிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் கழன்று, சக்கரம் மாதிரி உருண்டு, என் காலுக்கு முன்னால் வந்து நின்றன. ஒன்று முட்டை அளவு. அடுத்தது ரொட்டி அளவு.

பள்ளியில் என் குரலைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். கூரையின் கடைசி உத்தரம்வரை போகும் என்பார்கள். ஒரே ஒரு தடவை கத்தினால் வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும், அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். மேலே தொங்கும் பனிக்கும் கேட்டுவிடும். கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு நடந்தேன். உப்புக் கரித்தது.

வளைவைத் தாண்டியதும் பார்த்தேன். பாதிக்குமேல் வந்துவிட்டார்கள். சிக்வாத் முன்னால் குனிந்து இழுக்க, தோஃபா பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் கொழுத்த சீல் ஒன்று. பாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததால் இருவரும் மேலே பார்க்கவே இல்லை. தோஃபா என்னைக் கண்டாள். முகம் மலர்ந்தது, என்னைக் கேலி செய்ய வாயைத் திறந்தாள்.

என் வாயை இரண்டு கையாலும் பொத்திக் காட்டினேன். பிறகு கையை மேலே நீட்டினேன்.

அவள் பார்த்தாள். சிக்வாத்தும் பார்த்தார். திரும்பிப் போவதற்கும் வீட்டுப் பக்கம் வருவதற்கும் எது தூரம் குறைவு என்று அவர் கண் ஒரு கணம் அளந்தது. கயிற்றைத் தோளிலிருந்து கழற்றினார். குழந்தையைத் தரையில் விடுவது போல, சத்தமில்லாமல், வண்டியை விட்டார்.

மூன்று பேரும் வரிசையாக நடந்தோம். தோஃபா முன்னால், அவள் அப்பா நடுவில், நான் கடைசியில். கடைசியில் வருவதற்கு நான் ஒன்றும் வீரன் இல்லை. அவர்கள் என்னைத் தாண்டிப் போன வேகத்தில் அந்த இடம்தான் எனக்கு மிஞ்சியது. தலைக்கு மேல் எங்கோ ஒரு சத்தம் கேட்டது, தூக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விடுவது போல. யாரையாவது கூப்பிட வேண்டும் போல இருந்தது. பெயர் எதுவும் வரவில்லை. நூற்றிரண்டும் போய்விட்டன, என்னுடையவைதான் முதலில் போயின.

அப்போது முன்னால் பனியின் மேல் ஏதோ கறுப்பாக அசைந்தது. நீளமாக, காலோடு ஒட்டிக்கொண்டு. தோஃபாவின் நிழல். அடுத்து சிக்வாத்துக்கும் நிழல் முளைத்தது. முதுகில் லேசாகச் சூடு பட்டது. நூறு நாளாக ஏங்கிக் கிடந்த சூடுதான்.  என்னுடைய நிழலும் வந்து அவர்களுடைய நிழல்களோடு சேர்ந்துகொண்டு, எங்களைவிட முன்னால் ஓட்டமாக ஓடியது.

கடைசிப் பாறையைத் தாண்டி நூறடி போயிருப்போம். பின்னால் சத்தம் வந்தது. அதை உவமையால் சொல்லப்போவதில்லை. காற்று எங்களைக் குப்புறத் தள்ளியது. வாயில், காதில், கழுத்துக்குள் பனி. எழுந்து பார்த்தபோது வழி இருந்த இடத்தில் வழி இல்லை. கடல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வெயில் அதன்மேல் அழகாக விழுந்துகொண்டிருந்தது.

சிக்வாத் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"பேரு எத்தனை பாக்கின்னு கேட்டேன்."

"நாலுன்னு சொன்னேன், அண்ணே."

"எத்தனை?"

"ரெண்டு."

தாடியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். "சீல் போச்சு," என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோஃபாவின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. இழுத்து நிறுத்தவா, தள்ளிவிடவா என்று அவளுக்கே தெரியவில்லை போல. வீடு வரும்வரை புலவரே என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அன்று மணி அடிக்கவில்லை. விளக்கில் வெண்ணெயை உருக்கி ஊற்றினார்கள், அது புகைந்தது. நான் சின்னக் கத்தியால் தோலிலிருந்து கொல்லனைச் சுரண்டினேன், பிறகு இருட்டின் கண்ணில் விட்ட விரலைச் சுரண்டினேன். நல்ல மை, சுலபமாகப் போகவில்லை. கால்ஃப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடைசி எழுத்து போகும்வரை பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் நடுப்பகலில் சொல்வதற்குப் பெயர் எதுவும் இல்லை. எல்லோரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கெட்டித்தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனேன். இடைவெளியில் சூரியன் நின்றது, ஒரு பசுவைக் கறக்கும் நேரம்தான் நிற்கும். கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றினேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கதவோரம் இங்வில்ட் நின்றிருந்தாள், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்ப்பது போல.

நாற்பத்தோராவது பெயரைச் சொன்னேன், அந்த மாட்டுக்காரனை, அடிக்குரலில், ஒழுங்காக.